பிரேக் போட்டாச்சு, அப்புறமும் சி-ஆர்ம் நகர்கிறதே?

கேள்வி: ஆபரேஷன் தியேட்டரில் நாலு வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். எலும்பு ஆபரேஷன்களின்போது, எக்ஸ்ரே படம் எடுக்கும் சி-ஆர்ம் கருவியைச் சரியான இடத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்து, படமும் எடுத்துவிடுகிறோம். அடுத்த படம் எடுப்பதற்குள் திரையில் இருந்த திருகு ஓரத்துக்குப் போய்விடுகிறது. “யார் இடித்தது?” என்று டாக்டர் கோபப்படுகிறார். உண்மையிலேயே யாரும் இடிப்பதில்லை. போன மாதம் டேபிளை உயர்த்தும்போது ஐ.வி. ஸ்டாண்டு ஒன்று சாய்ந்தது. மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் நின்றதால் எட்டிப் பிடித்துவிட்டார். இத்தனைக்கும் அதை நான்தான் பூட்டி வைத்திருந்தேன். சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிடலாம் என்கிறார் சீனியர். கட்டை கொடுப்பதா, புதுச் சக்கரம் கேட்பதா?

பதில்: கட்டை வேண்டாம். புதுச் சக்கரமும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். நாளைக்கு கேஸ் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு துண்டு டேப், ஒரு மார்க்கர் பேனா, ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு சி-ஆர்முக்குப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. “பிரேக் பிடிக்கவில்லை” என்று எழுதி வரும் புகார்ச் சீட்டுகளில், போய்ப் பார்த்தால் பல சமயம் பிரேக்கின் மேல் ஒரு குற்றமும் இருக்காது.

முதலில் எது நகர்கிறது என்று தெரிய வேண்டும். அடிப்பாகமா, மேலே இருக்கும் ‘C’ வடிவக் கையா? பிரேக்கைப் போட்டுவிட்டு ஒவ்வொரு சக்கரமும் தரையைத் தொடும் இடத்துக்கு ஒட்டினாற்போல் தரையில் டேப் ஒட்டுங்கள். சக்கரத்தின் பக்கவாட்டில், அடிப்புள்ளிக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இப்போது இடுப்பு உயரத்தில் கையை வைத்து, ஓர் ஆள் தெரியாமல் சாய்ந்தால் எவ்வளவு அழுத்தம் வருமோ அந்த அளவுக்குத் தள்ளுங்கள். ஓங்கித் தள்ள வேண்டாம். பிறகு குனிந்து பாருங்கள்.

கோடு மேலேறி இருந்தால் சக்கரம் உருண்டிருக்கிறது. கோடு அப்படியே இருந்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை மட்டும் வேறு பக்கம் பார்த்து நின்றால் அது திரும்பியிருக்கிறது. கோடும் கவட்டையும் அப்படியே இருந்து சக்கரம் டேப்பை விட்டு விலகியிருந்தால் மொத்தமாக வழுக்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு உதவாது.

உருள்கிறது என்றால் அதுதான் நிஜமான பிரேக் கோளாறு. டார்ச்சை அடித்துச் சக்கரத்தின் அச்சைப் பாருங்கள். தியேட்டர் சக்கரங்களின் அச்சில் தையல் நூல், தலைமுடி, பஞ்சு, கிழிந்த பிளாஸ்டிக் உறையின் நார் எல்லாம் சேர்ந்து சின்னக் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். மாவுக்கட்டுப் போடும் அறைக்கும் தியேட்டருக்கும் போய்வரும் டிராலியாக இருந்தால் அந்தக் கயிற்றில் மாவுத்தூளும் ஏறி இறுகிவிடும். பிரேக் கட்டை சக்கரத்தில் முழுசாகப் பதிய விடாமல் தடுப்பது பெரும்பாலும் இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எண்டோஸ்கோப்பி டிராலிக்கு நாலு புதுச் சக்கரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சக்கரங்கள் வந்து, பழையதைக் கழற்றியபோது இரண்டின் அச்சில் நூல் உருண்டை. சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்ததும் பழைய சக்கரமே கல் மாதிரி நின்றது. புதுசை என்ன செய்வது என்று யாரும் கேட்கும் முன்னால் ஸ்டோரில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். நூலை எடுத்த பிறகும் உருண்டால் பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், அல்லது பெடலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியோ இணைப்போ தளர்ந்திருக்கும். அது எங்கள் வேலை, நீங்கள் கை வைக்க வேண்டாம்.

திரும்புவதுதான் பலருக்கும் புரியாத விஷயம். திரும்பும் சக்கரத்தை உற்றுப் பார்த்தால், அது தரையைத் தொடும் புள்ளி மேலே உள்ள திருகாணிக்கு நேர் கீழே இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். வண்டியைத் தள்ளும்போது சக்கரம் தானாகப் பின்னால் போய் வரிசையில் நிற்பதே இந்த இடைவெளியால்தான். சாதாரண பிரேக், சக்கரம் உருளுவதை மட்டும் நிறுத்தும். கவட்டை திரும்புவதை அது தடுக்காது. ஆகவே சக்கரம் தரையில் ஆணி அடித்த மாதிரி நிற்க, அதைச் சுற்றி வண்டி மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அசையும். கூடப் பிரேக் போடுவதால் இது நிற்காது. உருளுவது, திரும்புவது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் சக்கரங்களை ‘டோட்டல் லாக்’ என்பார்கள். நகரவே கூடாத கருவிக்கு அதுதான் பொருத்தம்.

டோட்டல் லாக் இல்லாத டிராலியிலும் ஒரு வழி உண்டு. நேராகத் தள்ளிக்கொண்டு வந்து அப்படியே நிறுத்தினால் நாலு கவட்டைகளும் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். நாலும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால் வண்டி மொத்தமாகப் பக்கவாட்டில் சரிய ஒரு தடையும் கிடையாது. அதனால் இடத்துக்குக் கொண்டுவந்த பிறகு, பிரேக்கை மிதிக்கும் முன்னால், நின்ற இடத்திலேயே வண்டியை லேசாக ஒரு திருகு திருகுங்கள். கவட்டைகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும். இப்போது பிரேக் போட்டால் ஒன்று திரும்பப் பார்க்கும்போது இன்னொன்று விடாது. எண்டோஸ்கோப்பி டிராலி, மானிட்டர் டிராலி, அல்ட்ராசவுண்டு இவற்றில் செய்து பாருங்கள், கையிலேயே வித்தியாசம் தெரியும். சி-ஆர்மில் சக்கர அமைப்பு மாடலுக்கு மாடல் மாறும். பல மாடல்களில் பின் சக்கரங்களைத் திருப்பக் கைப்பிடி இருக்கும், திருகுவதற்குப் பதில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். பூட்டும்போது அந்தக் கைப்பிடி எப்படி இருக்க வேண்டும் என்று கருவியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பார்கள்.

வழுக்கினால் தரையைப் பாருங்கள். பிரேக் பிடிமானம் என்பது பூட்டிய சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறது, அடியில் தரை எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. நாலு சக்கரத்தில் இரண்டுக்கு மட்டும் பிரேக் என்றால், வண்டியின் எடையில் கிட்டத்தட்டப் பாதிதான் நிறுத்தும் வேலையைச் செய்கிறது. மீதிப் பாதி சும்மா உருளக் காத்திருக்கிறது. அந்த இரண்டில் ஒன்று சலைன் சிந்திய இடத்தில் நின்றால்? தண்ணீர் வடிவதற்காகத் தரை லேசாகச் சரிந்திருக்கும் மூலையில் ஒன்று அந்தரத்தில் தொங்கினால்? இதைப் பார்க்க ஒரு தாள் போதும். சக்கரத்துக்கு அடியில் தாளை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போய்விட்டால் அந்தச் சக்கரம் எடை தாங்கவில்லை, அதற்குப் பிரேக் போட்டும் போடாத மாதிரிதான். கருவியை ஒரு சாண் நகர்த்தினாலே சில சமயம் சரியாகிவிடும். இன்னொன்று, கிறீச்சிடுகிறதே என்று சக்கரத்துக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கும் நல்ல மனசுக்காரர் ஒருவர் எல்லாத் தியேட்டரிலும் இருப்பார். அந்த எண்ணெய் பிரேக் கட்டைக்கும் போகும், தரைக்கும் வரும். அவரிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள்.

சரி, டேப்பைப் பார்த்தால் சக்கரம் ஓர் இழை கூட அசையவில்லை, ஆனால் படம் நகர்கிறது என்றால்? அப்போது சந்தேகம் மேலே போக வேண்டும். சி-ஆர்மில் கீழே உள்ள பிரேக் வேறு, கையின் ஒவ்வொரு அசைவுக்கும் இருக்கும் பூட்டு வேறு. முன்னே பின்னே போவதற்கு ஒன்று, வளைவில் சறுக்குவதற்கு ஒன்று, பக்கவாட்டில் வீசுவதற்கு ஒன்று, சுழல்வதற்கு ஒன்று. சுழல் பூட்டைப் போட்டுவிட்டு வளைவுப் பூட்டை மறப்பது அடிக்கடி நடப்பது. வளைவுப் பூட்டின் உள்பட்டை தேய்ந்திருந்தாலும் கை மெல்ல இறங்கும். வளைவிலும் அதன் தண்டவாளத்திலும் நேருக்கு நேராக டேப் ஒட்டி, ஐந்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் ‘யாரும் இடிப்பதில்லை’ என்று எழுதியிருப்பதால் எனக்கு இதன் மேலும் ஒரு சந்தேகம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒயர் மேல். சி-ஆர்முக்கும் மானிட்டர் டிராலிக்கும் நடுவில் போகும் கனத்த கேபிள் இருக்கிறதே, அது சாதாரண ஒயர் இல்லை. சுருட்டியே வைத்துப் பழகியதால் ஸ்பிரிங் மாதிரி நடந்துகொள்ளும். இழுத்துப் பிடித்தாற்போல் விட்டால், பிரேக் போட்ட கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் திருப்பும். தரையில் ஒரு தாராளமான வளைவு விட்டு, யார் காலும் படாத பக்கமாகக் கிடத்துங்கள். நோயாளியை மூடும் டிரேப் துணியையும் கவனியுங்கள். ஒரு முனை நோயாளி மேல், மறு முனை சி-ஆர்மில் கிளிப் போட்டிருந்தால், டேபிளை இரண்டு அங்குலம் உயர்த்தினாலே துணி விறைத்துக் கருவியை இழுக்கும். டாக்டர் கேட்கும் ‘இடித்த ஆள்’ பாதி நேரம் இந்தத் துணிதான்.

உங்கள் ஐ.வி. ஸ்டாண்டு சாய்ந்ததும் இதே கதையாக இருக்கும் என்று நினைக்கிறேன். தலைமாட்டில் திரைத்துணியை இரண்டு ஸ்டாண்டுகளில் கிளிப் போட்டு மறைப்பாக வைப்பது பல இடங்களில் வழக்கம். டேபிள் மேலே போனது, துணி விறைத்தது, பூட்டிய ஸ்டாண்டு கூடவே வர முடியாமல் சாய்ந்தது. அப்படித்தானே?

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஐந்து கால் ஸ்டாண்டின் ஒரு கால் நடுவிலிருந்து 30 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்துச் சக்கரங்களைக் கோடு போட்டு இணைத்தால், நடுவிலிருந்து அந்தக் கோட்டுக்கு 24 செ.மீ.தான் வரும். ஸ்டாண்டு சாய்வது அந்தக் கோட்டின் மேல்தான். பாட்டிலோடு சேர்த்து மொத்த எடை 6 கிலோ, துணி 150 செ.மீ. உயரத்தில் பிடித்து இழுக்கிறது என்றால், 6 × 24 ÷ 150. கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஒரு லிட்டர் சலைன் பாட்டிலின் கனம் அளவுக்கு இழுத்தால் போதும், ஆள் உயர ஸ்டாண்டு கீழே. அதே நீளக் கால் நாலு மட்டும் இருந்தால் 24 என்பது 21 ஆகிவிடும், இன்னும் சுலபமாகச் சாயும். ஐ.வி. ஸ்டாண்டுகளுக்கு ஐந்து கால் வைப்பது அழகுக்கு இல்லை. மருந்து ஏற்றும் பம்ப்பைக் கம்பத்தில் கீழே, ஒரு காலுக்கு நேர் மேலாக மாட்டச் சொல்வதும் இதற்காகத்தான். 3 லிட்டர் கழுவுநீர்ப் பையை ஒரே பக்கக் கொக்கியில் தொங்கவிட்டால் அது தன் பங்குக்கு அந்தப் பக்கமே சாய்க்கும்.

பூட்டாமல் விட்டிருந்தால் அந்த ஸ்டாண்டு சாய்வதற்குப் பதில் உருண்டு கூட வந்திருக்கும். இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் பூட்டவே கூடாது போல’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சக்கரத்துக்கு முன்னால் ஓர் ஒயர் கிடந்தாலே அது பூட்டியதற்குச் சமம். நான் கேட்பது வேறு ஒரு கேள்வி: இந்தக் கருவி நோயாளியோடு போக வேண்டியதா, நின்ற இடத்திலிருந்து நோயாளியைப் பார்க்க வேண்டியதா? சி-ஆர்ம், மைக்ரோஸ்கோப், அல்ட்ராசவுண்டு எல்லாம் நின்று பார்க்க வேண்டியவை, அவற்றை அசையாமல் பூட்டுங்கள். ட்ரிப்ஸ், தலைமாட்டுத் திரை இவை நோயாளியோடு போக வேண்டியவை. அவற்றைத் தரையில் நிறுத்துவதைவிட டேபிளின் பக்கக் கம்பியிலேயே கிளாம்ப் போட்டு மாட்டிவிட்டால் டேபிள் ஏறினாலும் இறங்கினாலும் சேர்ந்தே வரும். தரையில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், டேபிளை அசைக்கும் முன்னால் ஒருவர் அந்த ஸ்டாண்டைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். மயக்க மருந்து மெஷின் ரெண்டுங்கெட்டான். பூட்டித்தான் வைக்க வேண்டும், ஆனால் அதிலிருந்து நோயாளியின் மூச்சுக்குழாய்க்கு ட்யூப் போகிறது. டேபிளைத் திருப்புவதாக இருந்தால் அந்த ட்யூப் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் யாரும் டேபிளைத் தொட வேண்டும்.

இப்போது மரக்கட்டைக்கு வருவோம். உங்கள் சீனியர் அனுபவத்தில்தான் சொல்கிறார், கட்டை சக்கரத்தை நிறுத்தும் என்பதும் உண்மை. ஆனால் ஆபரேஷன் நடுவில் நோயாளிக்கு இதயம் நின்றுவிட்டால் சி-ஆர்மை ஒரே மிதியில் விடுவித்து வெளியே இழுக்க வேண்டும். அப்போது டிரேப்புக்கு அடியில் கட்டையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. மேலும் கட்டை இருக்கும்போது பக்கவாட்டில் தள்ளினால், உருளுவதற்குப் பதில் கருவி கட்டையின் மேல் கவிழப் பார்க்கும். ரத்தமும் கழுவுநீரும் ஊறிய மரத்தைக் கிருமி நீக்கவும் முடியாது. கட்டுத்துணியால் இரண்டு டிராலிகளைக் கட்டிவைப்பதையும் இதே காரணங்களுக்காகத்தான் வேண்டாம் என்கிறேன். மருத்துவ மின்கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601-1 என்ற சர்வதேசத் தரநிலைப்படி, எடுத்துச் செல்லும் நிலையில் கருவி 10 டிகிரி சரிவிலும், மற்ற நிலைகளில் 5 டிகிரி சரிவிலும் கவிழாமல் நிற்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறியது கட்டை இல்லாத கருவி. நாம் அடியில் எதையாவது செருகினால் அந்த உத்தரவாதம் நமக்கு இல்லை.

சி-ஆர்ம் அடிக்கடி உள்ளே போய் வெளியே வருகிறது என்றால், முட்டுக் கொடுப்பதைவிடப் பயனுள்ளது தரையில் அடையாளம். முதல் நல்ல படம் கிடைத்ததும் சக்கரங்களின் ஓரத்தில் கலர் டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை குருட்டாம்போக்கில் தேட வேண்டியதில்லை, கதிர்வீச்சும் குறையும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு நிஜமாகப் பயம் தருவது சி-ஆர்ம் இல்லை. ஸ்ட்ரெச்சரிலிருந்து டேபிளுக்கு நோயாளியை மாற்றும் அந்த அரை நிமிஷம்தான். டேபிளில் பூட்டு விழுந்திருக்கும், ஸ்ட்ரெச்சரில் விழுந்திருக்காது. நாலு பேர் சேர்ந்து இழுக்கும்போது ஸ்ட்ரெச்சர் பின்வாங்கி நடுவில் ஒரு பள்ளம் திறக்கும். பல ஸ்ட்ரெச்சர்களில் ஒரே பெடலுக்கு மூன்று நிலை உண்டு: ஒரு பக்கம் பிரேக், மறுபக்கம் நேராக ஓட்டுவதற்கு, நடுவில் எதுவும் இல்லாத நிலை. அவசரத்தில் மிதித்த கால் நடுவிலேயே நின்றுவிடும், பார்க்கிறவருக்கு மிதித்த மாதிரி இருக்கும். ஆகவே பெடலைப் பார்த்து நம்பாதீர்கள், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப் பார்த்து நம்புங்கள். மயக்கம் தெளியாத நோயாளியைத் திரும்ப மாற்றும்போதும் இதே கதை, அப்போது எல்லாருக்கும் களைப்பு வேறு.

மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு வார்த்தை. பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு மில்லிமீட்டர் அசைவு டாக்டரின் கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர். ஸ்டெரைல் உறையை மாட்டிய பிறகு மைக்ரோஸ்கோப்பைத் தாங்கும் கையின் சமநிலையை மறுபடி சரிசெய்ய வேண்டும், உறைக்கும் எடை உண்டு. டாக்டர் உட்காரும் சக்கர ஸ்டூலும் பூட்ட வேண்டியதுதான், அதை நினைவூட்டும் தைரியம் உங்களுக்கு உண்டா என்பது வேறு விஷயம்.

அந்தத் தைரியத்தை ஆளிடம் எதிர்பார்க்காமல் நடைமுறையில் வைத்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைச் சரிபார்ப்புப் பட்டியலில் மயக்க மருந்துக்கு முன், கீறலுக்கு முன், நோயாளி வெளியேறும் முன் என்று மூன்று நிறுத்தங்கள் உண்டு. அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி அதில் கூட்டிக்கொள்ளலாம் என்று அதிலேயே போட்டிருக்கிறது. கீறலுக்கு முந்தைய நிறுத்தத்தில் ஒரு வரி சேருங்கள். ஒருவர் டேபிளையும் சி-ஆர்மையும் கையால் தள்ளிப் பார்த்து, “பூட்டியாச்சு, தள்ளிப் பார்த்தாச்சு” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். டேபிளை உயர்த்துகிறவர் “டேபிள் ஏறுது” என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தி அப்புறம் பட்டனை அழுத்த வேண்டும். அந்த ஒரு மூச்சுக்குள் ஸ்டாண்டைப் பிடிக்க ஒரு கை நீண்டுவிடும்.

இத்தனையும் பார்த்து, சக்கரத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவானால் கடையில் அளவு பார்த்து வாங்கிவிட வேண்டாம். நாலு சக்கரம் என்றாலும் தரை சமமாக இல்லாதபோது மூன்றுதான் எடை தாங்கும். ஆகவே 300 கிலோ கருவிக்கு ஒவ்வொரு சக்கரமும் குறைந்தது 100 கிலோ தாங்குவதாக இருக்க வேண்டும், 75 போதாது. மின்னேற்றத்தைத் தரைக்குக் கடத்தும் சக்கரம் பொருத்தியிருந்தால் அதே வகைதான் திரும்பப் போட வேண்டும்.

உங்கள் பயோமெடிக்கல் பிரிவுக்கு எழுதும்போது ‘பிரேக் சரியில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘சி-ஆர்ம், இடது பின் சக்கரம், பூட்டிய நிலையில் உருளவில்லை, ஆனால் கவட்டை திரும்பி அடிப்பாகம் 2 செ.மீ. நகர்கிறது, உலர்ந்த தரை, டேப் ஒட்டிப் பார்த்த தேதி இன்னது’ என்று எழுதி, டேப்போடு சேர்த்து ஒரு போட்டோவும் வையுங்கள். அப்படி ஒரு சீட்டு வந்தால் நான் எந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று படியிறங்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.